ஒரு தூக்கு நெய்யும் ஒரு பச்சைப் புள்ளியும்

அவரை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இங்கிலாந்துக்குப் போய்க் கிருமிகளைப் பற்றிப் படித்து வாங்கிய பட்டம். இந்த வித்தியாசம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் யாருக்கும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் காய்கறி வாங்கப் போனால் வெற்றிலைக் கடைக்காரர் நாக்கை நீட்டுவார். புடலங்காய் விற்கிற அம்மாள் முழங்காலைக் காட்டுவாள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்பார் இவர். "அப்ப எந்த டாக்டர்?" என்று கேட்பார்கள். அதற்கு முழுப் பதில் சொல்ல ஆரம்பித்தால் புடலங்காய் வாடிவிடும். கடைசியில் "சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்வார். அந்த ஒத்தடத்தில் பலருக்குக் குணமாகி, சிராங்கூன் ரோடு முழுவதும் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர்.

அறுபதுகளின் நடுவில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஓர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மேட்டில் எங்கள் ஆய்வுக்கூடம். கீழ்த்தளத்தில் கிருமிப் பிரிவு, மேல்தளத்தில் உணவுப் பிரிவு. மேலே இருப்பவர்கள் மிளகாய்த் தூளில் செங்கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கீழே இருக்கும் நாங்கள் மனிதனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நேர்முகத்துக்கு நான் போன அன்று அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். எண்ணெய் வைத்த பின்னல், வெள்ளைச் சேலை, கழுத்தில் ஒன்றும் இல்லை.

"சேத்துக்கறேன். ஆனா மிஸ், ஆறு மாசத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுவீங்க. அதுக்குள்ள நான் சொல்லிக் குடுக்கறதெல்லாம் வீணாப் போயிடும்."

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. ஆய்வுக்கூடத்து அடுப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்பதால் கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெகு நாள் கழித்து, குழந்தைக்கு அம்மை என்று விடுப்புக் கேட்டபோது, "யாரோட குழந்தை?" என்றார். "என்னோடது" என்றேன். ஏதோ நான் அவரை ஏமாற்றிவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறமும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார். ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் வைத்ததுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிருமி விஷயத்தில் அவர் நேர்மாறு. எங்கள் கூடத்துத் தலைவர் பழைய காலத்து மனிதர். ஒரு வாய் தேநீருக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கிருமிக்குப் பெயர் சொல்லிவிடுவார். உருண்டையாக இருந்தால் இது, குச்சியாக இருந்தால் அது, நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் இன்னொன்று. டாக்டருக்கு அதைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரியும்.

"மூஞ்சியைப் பாத்துப் பேரு வைக்கறதுக்கு இவர் யாரு, சோசியரா?" என்பார், தலைவர் போன பிறகு. "ஒரே மாதிரி தெரியறதெல்லாம் ஒண்ணு இல்லை மிஸ். உள்ள என்ன சரக்குல கட்டியிருக்குன்னு பாக்கணும். செல்லோட சுவரை உடைச்சுப் பாக்கணும்."

உடைப்பது என்றால் சாதாரண உடைப்பில்லை. கிருமியை நிறைய வளர்த்து, கழுவி, காயவைத்து, கண்ணாடிக் குழாயில் காட்டமான அமிலத்தோடு போட்டு வாயை உருக்கி மூடி, ஒரு பகலும் இரவும் வேகவைக்க வேண்டும். பிறகு அந்தச் சாற்றில் ஒரு சொட்டைப் பெரிய காகிதத்தின் ஓரத்தில் வைத்து, கண்ணாடித் தொட்டிக்குள் தொங்கவிட வேண்டும். தொட்டியில் இருக்கும் திரவம் காகிதத்தில் ஊறிப் போகும்போது சாற்றில் இருக்கிறவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் போய் ஓர் இடத்தில் நின்றுவிடும். காகிதத்தைக் காயவைத்து, மருந்து தெளித்து, அடுப்பில் சூடுகாட்டினால் புள்ளிகள் எழும்பும். பெரும்பாலானவை ஊதா நிறம். ஒன்று மட்டும் பாசிப் பச்சையாக வந்து மஞ்சளாக மாறும். அந்தப் பச்சைப் புள்ளிதான் டாக்டருக்கு உயிர். மனித உடம்பில் இல்லாத, கிருமிச் சுவரில் மட்டும் இருக்கிற ஓர் அமினோ அமிலம் அது. அதற்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று காகிதத்தில் முந்திப் போகும், மற்றது பின்தங்கும். எது வந்திருக்கிறது, கூடவே என்னென்ன சர்க்கரை வந்திருக்கிறது என்று பார்த்தால், கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிகிற இரண்டு கிருமிகளைப் பிரித்துவிடலாம். இதற்குப் பத்து நாள் ஆனாலும் சரி, அதுவரைக்கும் அவர் அந்தக் கிருமிக்குப் பெயர் வைக்க மாட்டார். "பெயர் தெரியாத நண்பர்" என்றுதான் சொல்வார்.

அந்தத் தொட்டியில் ஊற்றுகிற திரவத்தில் பிரிடின் என்று ஒன்று கலக்க வேண்டும். அழுகிய மீனும் பலாச்சான் என்கிற பழைய இறால் விழுதும் சேர்ந்தால் என்ன வாடையோ அந்த வாடை. அது சட்டையில் ஏறிவிட்டால் துவைத்தாலும் போகாது. டாக்டர் சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். ஒருமுறை ஒரு சீனக் கிழவி அவரைப் பார்த்து, மீன் இன்னும் மிச்சம் இருக்கிறதா, விலை குறைப்பீர்களா என்று மலாயில் கேட்டாளாம். மறுநாள் கொதித்துப்போய் வந்தார். "டை கட்டியிருக்கேன், லெதர் ஷூ போட்டிருக்கேன். பாத்தா மீன்காரன் மாதிரியா இருக்கு?"

"மீன்காரங்க டை கட்டக் கூடாதா டாக்டர்?" என்றேன்.

அவர் டையை இறுக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

மனிதர்களை அவர் வாசலிலேயே வகைப்படுத்திவிடுவார். அதற்கு அமிலமும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். டை இருந்தால் படித்தவன். வேட்டி இருந்தால் உதவி கேட்டு வந்தவன். குரலை உயர்த்தினால் தொழிற்சங்கம். தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இப்படித்தான். பொருத்தமாக வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை, செருப்பு தேய்ந்திருந்ததால் வேண்டாம் என்றார். அடுத்து வந்தவர் பட்டு டை, மடிப்புக் கலையாத கோட்டு, பேச்சில் இங்கிலீஷ் மணம். "பெரிய கம்பெனி மேனேஜர்" என்று அவரே முடிவு செய்து நிச்சயம் செய்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு துணிக்கடையில் டை விற்கிறவர். கடையே அவருக்குத் தினம் ஒன்று கட்டிக்கொள்ளக் கொடுத்திருந்தது.

தங்கையோ அந்த மனிதரோடு மிகவும் சந்தோஷமாக வாழ்ந்தாள். டாக்டருக்கு அதுதான் தாங்க முடியவில்லை. தன் கணிப்புத் தவறாகி அவள் அழுதுகொண்டு வந்திருந்தாலாவது ஆறுதல் சொல்லியிருப்பார். அவள் ஒவ்வொரு தீபாவளிக்கும் சிரித்துக்கொண்டே வந்து அண்ணனுக்கு ஒரு டை கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்படியே போயிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒரு பால்காரரின் கால் வந்தது.

சிராங்கூன் ரோட்டின் மேல்கோடியில் மாட்டுக் கொட்டகை வைத்திருந்தவர் அந்தப் பால்காரர். சைக்கிளில் தேக்கா வரை பால் ஊற்றுவார். பாதம் வீங்கி, அங்கங்கே துளை விட்டு, சீழும் மணல் மாதிரிக் குருணையும் வந்துகொண்டிருந்தது. இந்த நோய்க்கு வெள்ளைக்காரன் மதுரைப் பாதம் என்று பெயர் வைத்திருக்கிறான். மதுரைக்கு மீனாட்சியும் மல்லிகையும் போதாதென்று இதையும் சேர்த்துவிட்டான். இது பூசணத்தால் வந்திருந்தால் அந்தக் காலத்தில் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூல் மாதிரி வளர்கிற ஒருவகைக் கிருமியால் வந்திருந்தால் மாத்திரையில் காப்பாற்ற இடம் உண்டு.

சீழிலிருந்து எங்கள் கூடத்தில் வளர்ந்தது நூல் மாதிரிக் கிருமிதான். ஆனால் தலைவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இது மண்ணுல எங்கயும் இருக்கறது. மாட்டுக் கொட்டகைத் தூசி. உண்மையான காரணம் பூசணம், அது வளரலை" என்றார். மண்ணில் கிடக்கும் அந்தச் சாதுக் கிருமியும் காலை அரிக்கிற நொகார்டியா என்கிற கிருமியும் கண்ணாடிக்கு அடியில் ஒரே மாதிரி இருக்கும். அறுவை டாக்டர் காலை எடுக்க நாள் குறித்துவிட்டார்.

எங்கள் டாக்டர் தொலைபேசியில் அவரிடம் கெஞ்சினார். கெஞ்சிய பிறகு சண்டை போட்டார். கடைசியில் நாள் தள்ளிவைக்கப்பட்டது. புண்ணின் ஆழத்திலிருந்து புதுக் குருணை வேண்டும் என்று என்னை வார்டுக்கு அனுப்பினார். அவர் வரவில்லை. வார்டுக்குப் போனால் நோயாளிகள் நாக்கை நீட்டுவார்கள் என்று பயம்.

பால்காரர் பெரிய உடம்பு. கட்டிலில் உட்கார்ந்தபடி பாதத்தைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, எடுக்கத்தான் போறாங்களா?" என்றார்.

"பாத்துக்கிட்டு இருக்கோம் அண்ணே."

"ஒத்தக் காலோட மாட்டுக்கிட்ட போக முடியாதும்மா. அது என்னைத் தள்ளிவிடணும்னு தள்ளாது. பாசத்துல ஒரு முட்டு முட்டும். நான் விழுந்துடுவேன். விழுந்துட்டேன்னு அதுக்குத் தெரியவும் தெரியாது."

திரும்பி வந்து இதை டாக்டரிடம் சொன்னேன். "ஆளு எப்படி இருக்கார்னு நான் கேக்கலை மிஸ். குருணை வெள்ளையா, மஞ்சளா?" என்றார்.

அந்த நாட்களில் அவர் சாப்பிடப் போகவில்லை. கிருமியைத் திரும்ப வளர்த்தார், திரும்பக் கழுவினார். குழாயின் வாயைத் தானே உருக்கி மூடினார். தொட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து, காயவைத்து, மருந்து தெளித்து அடுப்பில் காட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஊதாப் புள்ளிகள் வந்தன. பிறகு பச்சை, பின்தங்கிய இடத்தில். மண் கிருமியாக இருந்தால் முந்திய இடத்தில் வந்திருக்க வேண்டும். சர்க்கரைக்கென்று தனியாகத் தொங்கவிட்ட காகிதத்தில், மண் கிருமியிடம் இல்லாத அரபினோஸ் என்கிற சர்க்கரை செம்புள்ளியாக நின்றது.

"நொகார்டியா" என்றார், மெதுவாக. அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, வாடை அடிக்கிற கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

தலைவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு, சேலைக் கரை மாதிரி" என்றார். ஆனால் அறுவை டாக்டர் நம்பினார். மாத்திரை தொடங்கினார்கள். மாதக்கணக்கில் கொடுத்தார்கள். துளைகள் ஒவ்வொன்றாக மூடின. டாக்டர் அதற்குள் அடுத்த பெயர் தெரியாத நண்பருக்குப் போய்விட்டார்.

நான் நோன்புப் பெருநாள் விடுப்பில் இருந்த ஒருநாள் பால்காரர் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறார். அன்று நடந்ததைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். வேட்டி, தோளில் துண்டு, கையில் பித்தளைத் தூக்கு நிறைய நெய். டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஐயா, நான் நடந்தே வந்தேங்க" என்றாராம் இவர். அவருக்கு அது பெரிய செய்தி. வாசலிலிருந்து மேடு ஏறி, இரண்டு காலால் நடந்து வந்திருக்கிறார்.

"ஏன், பஸ் ஓடலையா?" என்றாராம் டாக்டர்.

பால்காரர் "இது ஐயாவுக்குத்தான்" என்று தூக்கை நீட்டியிருக்கிறார். டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். வேட்டி, தூக்கு, நெய். உடனே வகைப்படுத்திவிட்டார். "இந்தப் பிரிவு இல்லை, மேல்மாடி. வச்சிட்டுப் போங்க, அனுப்பிடறேன்."

பால்காரர் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போய்விட்டார். பெரியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். டாக்டர் சிப்பந்தியைக் கூப்பிட்டு, பரிசோதனைக்கு வந்த சாம்பிள் என்று சொல்லி மேலே அனுப்பினார். உணவுப் பிரிவில் அமிலமும் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கிப் பார்த்தார்கள். ரோஸ் நிறம் வந்தது. வனஸ்பதி கலந்த நெய். யாருடையது என்று தேட வேண்டிய சிரமமும் இல்லை. நம் ஆட்கள் வழக்கப்படி தூக்கின் கழுத்தில் பெயரும் கொட்டகை விலாசமும் அழகாக வெட்டியிருந்தது.

சில வாரம் கழித்து நான் வேலைக்கு வரும்போது பால்காரர் கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் கோர்ட்டு சம்மன்.

"தங்கச்சி, ஐயாவுக்கு என் மேல என்னம்மா கோவம்? நெய் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே லா."

விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நேராக டாக்டரிடம் போனேன். "போன மாசம் ஒருத்தர் தூக்குல நெய் கொண்டு வந்தாரே, அவர் யாருன்னு தெரியுமா?"

"யாரோ கடைக்காரன்."

"மதுரைப் பாதம் டாக்டர். நீங்க காப்பாத்தின கால்."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "பின்தங்கின பச்சைப் புள்ளியா?" என்றார்.

"ஆமா. அந்தப் புள்ளிதான் நடந்து வந்துச்சு."

மேல்மாடிக்கு ஓடினார். புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகச் சொன்னார்: "நீங்கதானே சாம்பிள்னு அனுப்பினீங்க டாக்டர். உங்க கண்ணு தப்பாதுன்னு நாங்களும் வேற எதுவும் கேக்கலை."

வழக்கு நடந்தது. டாக்டர் பால்காரருக்காகச் சாட்சி சொல்ல வந்தார். அது அவர் செய்ய வேண்டியதில்லாத காரியம். தலைவர் வேண்டாம் என்று தடுத்தும் வந்தார். புதுக் கோட்டு, தங்கை கொடுத்த டை. இங்கிலீஷில் பேசினார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் பால்காரருக்காக அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியாது. இவர் காலில் இருந்த கிருமியைத் தெரியும்."

"அது எப்படி?"

டாக்டருக்கு வேறென்ன வேண்டும்? சுவர், அமிலம், காகிதம், பச்சைப் புள்ளி எல்லாம் வந்தது. மொழிபெயர்ப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஐயா உன் கால்ல இருந்த கிருமியோட வீட்டுச் சுவரை இடிச்சுப் பாத்தாராம்" என்றார். பால்காரர் பயபக்தியோடு கும்பிட்டார்.

"சரி. நெய் விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் அப்படிச் சொன்னாரா?"

"நடந்து வந்தேன் என்று சொன்னார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

டாக்டரின் காது சிவந்தது. "பஸ் ஓடவில்லையா என்று கேட்டேன்."

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகு பால்காரரும் சிரித்தார். டாக்டர் மட்டும் கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி நேராக நின்றார். விற்காத பொருளுக்கு விற்ற குற்றம் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே படியில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். நான் குடையை விரித்தேன், மடக்கினேன்.

"எந்தக் கால்?" என்று டாக்டர் கேட்டார்.

பால்காரர் வேட்டியைத் தூக்கி இடது பாதத்தைக் காட்டினார். தழும்புகள் வெளுத்து, அம்மைத் தழும்பு மாதிரி மூடியிருந்தன. போகிற வருகிற வக்கீல்கள் பார்க்க, டாக்டர் புதுக் கோட்டோடு படியிலேயே குந்தி உட்கார்ந்தார். தொடுவதா வேண்டாமா என்று விரலை நீட்டி, நிறுத்தி, பிறகு தொட்டார்.

"வலிக்குதா?"

"மழை வந்தா மட்டும் லேசா இழுக்கும் ஐயா."

"மாடு முட்டுதா?"

"முட்டும். விழ மாட்டேன்."

அதற்கப்புறம் பால்காரர் எங்களை விடவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிவந்து ஒரு முஸ்லிம் தேநீர்க் கடையில் உட்காரவைத்து, பால் விட்ட மூன்று தே சொன்னார். டாக்டர் பக்கத்தில் யாரோ உட்கார வந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். பால்காரர் அங்கே நகர்ந்து உட்கார்ந்தார். கொட்டகையில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது ஒரு வாடையாகவே படவில்லை.

தே வந்தது. பால்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அந்த நெய் நான் உருக்கினது இல்லை. ஐயாவுக்கு நல்லதாக் கொடுக்கணும்னு, ஊர்ல இருந்து வந்த அசல் சரக்குன்னு சொன்னாங்க, கடையில டப்பாவா வாங்கித் தூக்குல ஊத்திக் கொண்டாந்தேன். டப்பா அவ்வளவு அழகா இருந்துச்சு. ஏமாந்துட்டேன்."

"டப்பாவைப் பாத்து வாங்கினீங்களா?"

"ஆமாங்க."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அது நன்றாகப் புரிந்த மாதிரி இருந்தது.

"ஆனா இன்னொண்ணு இருக்கு" என்றார் பால்காரர். சாமி முன்னால் நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டார். "நெய்யில நான் ஒண்ணும் பண்ணலை. பால்ல கொஞ்சம் தண்ணி ஊத்தறது உண்டு. இந்தக் கடைக்கும் நான்தான் பால் ஊத்தறேன். உங்ககிட்ட மறைக்க மனசு வரலை."

நான் டாக்டரைப் பார்த்தேன். சுவரை இடித்துப் பார்க்காமல் ஒரு கிருமிக்குப் பெயர் வைக்காத மனிதர். அவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்தார். பால்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது மேல்மாடிப் பிரிவு" என்றார் டாக்டர், தேயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு. "எனக்கு ஒண்ணும் தெரியாது."